பாசறையும் பந்தாட்டமும்

களனி கங்கை கடலோடு கலக்கும் இடத்திற்குச் சற்று வடக்கே, தென்னஞ் சோலைகளின் நடுவே அமைந்துள்ளது ஹெந்தளை. 1708ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் தொழுநோயாளருக்கென அவ்வூரில் ஒரு மருத்துவமனையை அமைத்தனர். கொழும்பு மக்களிற் பலருக்கு ஊரின் பெயர் அம்மருத்துவமனையின் வாயிலாகவே அறிமுகமாயிற்று. ஆயின் ஹெந்தளையும் வத்தளையும் அமைந்த அந்த வடகரைக்கு வேறொரு வரலாறும் உண்டு. 1796ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் கேணல் ஜேம்ஸ் ஸ்டுவாட்டின் தலைமையில் நீர்கொழும்பில் இறங்கிய ஆங்கிலச் சேனை, தெற்கு நோக்கி நடந்து இவ்வடகரையை அடைந்தது. பின்னர் ஆற்றைக் கடந்து கொழும்புக் கோட்டையை அணுகியது. நீண்ட முற்றுகை எதுவுமின்றி ஒல்லாந்தர் கோட்டையை ஒப்படைத்தனர்.

அச்சேனையில் வெள்ளையர் மட்டும் இருக்கவில்லை. அவர்களோடு தோளொத்து நடந்த சிப்பாய்ப் பட்டாளங்கள் சென்னை இராசதானியின் சேனையைச் சேர்ந்தவை. தமிழும் தெலுங்கும் பேசிய அந்த மனிதர்கள் சுமையைத் தோளிலேற்றி, வெயிலிலும் சேற்றிலும் நடந்து, அக்கரையைக் கடந்தார்கள். அவர்களுடைய கால்களின் வலிமையை அன்று எவரும் ஐயுறவில்லை. ஆனால் நூறாண்டு கழியுமுன், அவர்களுடைய பேரர்கள் போருக்கு உதவாத இனத்தவர் என்று அதே ஆட்சியினர் தீர்ப்புக் கூறினர். அத்தீர்ப்பு எவ்வாறு எழுந்தது, எவ்வாறு வீழ்ந்தது, அதனை வீழ்த்தியதில் ஒரு பாசறையின் உடற்பயிற்சிக்கும் பந்தாட்டத்திற்கும் எத்துணைப் பங்கு இருந்தது என்பனவே இங்கு ஆராயத்தக்கவை.

சென்னைச் சேனையின் தோற்றம் 1758ஆம் ஆண்டைச் சார்ந்தது. பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னையை முற்றுகையிட வந்த வேளையில், அங்குமிங்குமாகச் சிதறிக் கிடந்த சிப்பாய்க் கூட்டங்களை ஸ்றிங்கர் லோறன்ஸ் என்னும் தளபதி ஒழுங்கான பட்டாளங்களாக அமைத்தார். அன்றிலிருந்து வரிசையில் நிற்றல், ஒரே நடையில் நடத்தல், ஒரே குரலுக்குப் பணிதல் ஆகிய ஐரோப்பிய முறைகள் தென்னாட்டு வீரனுக்குப் பழக்கப்பட்டன. சிலம்பமும் மற்போரும் அறிந்திருந்த மண்ணில் கவாத்து என்னும் புதிய பயிற்சி வேரூன்றியது. சிலம்பம் ஒருவனைத் தனி வீரனாக்குவது. கவாத்து பலரை ஓர் உடலாக்குவது.

அந்த உடல் யாருடையது என்ற கேள்வி 1806ஆம் ஆண்டில் எழுந்தது. புதுவகைத் தலைப்பாகையை அணிய வேண்டும், அணிவகுப்பில் நெற்றிக்குறி இடலாகாது, காதணி கூடாது, தாடி வளர்க்கலாகாது என்று புதிய விதிகள் வந்தன. சிப்பாய்கள் அவற்றைத் தங்கள் சமயத்தின் மீதும் மானத்தின் மீதும் கைவைக்கும் செயலாகக் கண்டனர். வேலூர்க் கோட்டையில் திப்பு சுல்தானின் மக்கள் சிறைவைக்கப்பட்டிருந்ததும் நெருப்புக்கு நெய்யாயிற்று. ஜூலை 10ஆம் நாள் விடியுமுன் வேலூர் பொங்கி எழுந்தது. ஆற்காட்டிலிருந்து விரைந்து வந்த குதிரைப்படை அதனை அன்றே அடக்கியது. பின்னர் அவ்விதிகள் கைவிடப்பட்டன. தளபதி கிறடொக்கும் ஆளுநர் பெந்திங்கும் திருப்பியழைக்கப்பட்டனர். வீரனின் உடலைப் பழக்கலாம், அதனை அவமதித்துப் பழக்க முடியாது என்னும் பாடத்தை வேலூர் எழுதிச் சென்றது.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வேறொரு வகை அவமதிப்பு வந்தது. 1881 முதல் 1885 வரை சென்னைச் சேனையின் தலைமைத் தளபதியாக இருந்தவர் பிரெடெரிக் றொபேட்ஸ். பின்னர் இந்தியா முழுவதற்கும் தலைமைத் தளபதியாக உயர்ந்து, 1893 வரை அப்பதவியிலிருந்தார். நீண்ட அமைதி தென்னாட்டாரை மென்மையாக்கிவிட்டது, வடநாட்டுப் போர்க்குலத்தாருக்கு அவர்கள் ஈடாகமாட்டார்கள் என்பது அவர் கொள்கை. 1897இல் வெளிவந்த தமது வாழ்க்கை நினைவு நூலிலும் அக்கருத்தை அவர் வலியுறுத்தினார். போருக்குரிய இனம், போருக்குரியதல்லாத இனம் என மக்களைப் பகுக்கும் இக்கொள்கை அரசாங்க முறையாகவே ஆயிற்று. தென்னாட்டுப் பட்டாளங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் குறைக்கப்பட்டன. முதலாம் உலகப் போரில் கர்நாடகக் காலாட்படைகள் என்னும் பெயரில் தென்னாட்டார் பணிபுரிந்தும், தீர்ப்பு மாறவில்லை. 1922இல் எஞ்சிய பட்டாளங்கள் 3ஆம் மதராஸ் றெஜிமெந்தாக ஒருங்கிணைக்கப்பட்டன. 1920களின் இறுதிக்குள் அதுவும் கலைக்கப்பட்டது. பாலமும் பாதையும் அமைக்கும் சப்பர் படையினர் மட்டும் பெங்களூரிலே நிலைத்தனர். 1758இல் தொடங்கிய தென்னாட்டுக் காலாட்படை மறைந்தது.

இக்கொள்கையின் பெரும்பிழை, வலிமை பிறப்போடு வருவது என்று எண்ணியதே. அதே நூற்றாண்டில் ஐரோப்பா தன் மக்களைப் பற்றி இதற்கு முற்றிலும் மாறான உண்மையைக் கண்டுகொண்டிருந்தது. சுவீடன் நாட்டில் லிங் என்பவர் 1813ஆம் ஆண்டில் ஸ்ரொக்ஹோமில் தேகாப்பியாசக் கல்லூரி ஒன்றை நிறுவினார். உடலின் ஒவ்வோர் உறுப்பையும் ஒழுங்காக வளர்க்கும் முறையொன்றை அவர் வகுத்தார். கிரைமியப் போரில் தன் வீரர்களின் உடல்நலக் குறைவைக் கண்டு அதிர்ந்த இங்கிலாந்து, 1860ஆம் ஆண்டில் பன்னிரண்டு சார்ஜன்ட்மாரை ஒக்ஸ்போட்டிலிருந்த ஆச்சிபோல்ட் மக்லாரன் என்னும் உடற்பயிற்சி ஆசிரியரிடம் அனுப்பியது. அவர்களே பிரித்தானியச் சேனையின் தேகாப்பியாசப் பிரிவின் முதல் ஆசிரியர்கள். மக்லாரன் ஒவ்வொரு மாணவனையும் அளந்தார். பயிற்சிக்குப் பின் மீண்டும் அளந்தார். மார்பு விரிந்திருந்தது, கை பருத்திருந்தது. பயிற்சி மனிதனை மாற்றும் என்பதற்கு அளவுநாடாவே சாட்சியாயிற்று.

ஆங்கிலத் தொழிலாளியின் மகனுக்குப் பொருந்திய இவ்வுண்மை தென்னாட்டு உழவனின் மகனுக்குப் பொருந்தாதென்பது எந்த நியாயம்? அக்கேள்வியை அன்று கேட்பார் இல்லை.

பயிற்சியோடு விளையாட்டும் சேனைக்குள் நுழைந்தது. இந்தியாவின் வெளிநாட்டுச் செயலாளராக இருந்த மோட்டிமர் டியூறண்ட், 1888ஆம் ஆண்டில் சிம்லாவில் உதைபந்தாட்டப் போட்டி ஒன்றைத் தொடக்கினார். பாசறையில் சோர்ந்திருக்கும் பிரித்தானிய வீரர்களுக்கு உடல்நலமும் ஊக்கமும் அளிப்பதே அதன் நோக்கம். டியூறண்ட் கிண்ணம் எனப்படும் அப்பரிசை அரை நூற்றாண்டுக் காலம் பிரித்தானியப் படைப்பிரிவுகளே தமக்குள் மாறி மாறிப் பெற்றுவந்தன. 1940ஆம் ஆண்டில் போட்டி தில்லிக்கு வந்தது. அவ்வாண்டு கல்கத்தாவின் முகமதன் ஸ்போர்ட்டிங் அணி, றோயல் வோரிக்‌ஷயர் றெஜிமெந்து அணியை வென்று கிண்ணத்தை எடுத்தது. இந்திய அணியொன்று அதைப் பெற்றது அதுவே முதல் தடவை.

இலங்கையிலும் பாசறையும் விளையாட்டும் இணைந்த ஒரு காட்சியை வரலாறு காட்டுகிறது. தென்னாபிரிக்கப் போரில் பிடிபட்ட போயர் கைதிகள் ஏறத்தாழ 5,000 பேர் 1900ஆம் ஆண்டிலிருந்து இங்கு கொண்டுவரப்பட்டனர். அவர்களுக்கென அமைந்த பெரிய முகாம் தியத்தலாவை. 1901 ஜூலையில் அக்கைதிகளின் கிரிக்கெட் அணியொன்று கொழும்புக்கு வந்து, கொழும்புக் கோல்ட்ஸ் அணியோடு விளையாடிற்று. போர் முடியாதிருந்த வேளையில், சிறைப்பட்ட மனிதர்கள் மட்டையேந்தி ஆடினர். முட்கம்பிக்குள் வாழ்ந்தோரையும் மைதானம் மனிதராக நிமிர்த்தியது. 1949ஆம் ஆண்டு ஒக்டோபர் 10ஆம் நாள் இலங்கைத் தரைப்படை அமைக்கப்பட்டபின், புதிய வீரர்களுக்கான பயிற்சி நிலையம் 1950இல் இதே தியத்தலாவையில் எழுந்தது. மலைக்காற்றும் மேடுபள்ளமான வெளியும் நிறைந்த அவ்விடம் உடலைப் பழக்குவதற்கென்றே இயற்கை அமைத்தது போன்றது.

இனி மதராஸ் றெஜிமெந்தின் கதைக்குத் திரும்புவோம். இரண்டாம் உலகப் போர் வந்தது. ஆள் தேவை பெருகியது. போருக்குரிய இனம் எது என்று ஆராய்ந்துகொண்டிருக்க நேரமில்லை. 1941ஆம் ஆண்டில் மதராஸ் றெஜிமெந்து மீண்டும் எழுப்பப்பட்டது. தமிழர், மலையாளிகள், தெலுங்கர், கன்னடர் அதில் சேர்ந்தனர். அப்பட்டாளங்கள் பர்மாப் போர்முனையிற் போரிட்டன. ஏட்டிலெழுதிய கொள்கையை அங்கு மழைக்காடு அழித்தது.

போருக்குப்பின் அந்த றெஜிமெந்தின் பயிற்சி நிலையம் நீலகிரியில் குன்னூருக்கு அருகேயுள்ள வெலிங்டனில் அமைந்தது. அவ்விடத்தின் பழைய பெயர் ஜெகதளா. சமவெளியின் வெப்பத்தில் வாடிய ஆங்கில வீரர்கள் குளிர்ந்த காற்றில் உடல்தேற வேண்டுமென்று 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அங்கு பெரும் பாசறை கட்டப்பட்டது. தென்னாட்டுக் காலநிலையைத் தாங்கமாட்டாத உடல்களுக்காக எழுந்த கட்டடத்தில், போருக்கு உதவார் எனத் தள்ளப்பட்ட தென்னாட்டு இளைஞர்கள் வீரராகப் பயில வந்தது விந்தையே. சேனைத் தலைவராயிருந்த ஜெனரல் ஸ்ரீநாகேஷின் பெயரை அப்பாசறை இன்று தாங்குகிறது.

வெலிங்டன் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 6,000 அடி உயரமுடையது. திருநெல்வேலியின் பனங்காட்டிலிருந்தோ ஆலப்புழையின் நீர்க்கரையிலிருந்தோ வரும் இளைஞனுக்கு முதற் கிழமையில் மூச்சு முட்டும். அங்குள்ள காற்றில் உயிர்வளியின் அழுத்தம் கடற்கரையிலுள்ளதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கே. சில கிழமைகளில் அவனுடைய குருதி அதற்கேற்பத் தன்னைத் திருத்திக்கொள்கிறது. முன்பு மூச்சிரைத்து நின்ற மேட்டில் அவன் பேசிக்கொண்டே ஏறுகிறான். உடல் கற்கும் என்பதை அவன் முதலில் தன் நெஞ்சிலேயே காண்கிறான்.

பாசறையின் நாள் விடியற்காலையில் தொடங்குகிறது. ஓட்டம், குனிந்து நிமிர்தல், கம்பியிற் தொங்கி உடலை மேலுயர்த்தல், மரக்குதிரை தாண்டல், கயிறேறல் ஆகியவை நாள்தோறும் நடப்பன. பயிற்றுவிப்பவரை வீரர்கள் ‘உஸ்தாத்’ என்று அழைப்பர். அவருடைய கட்டளைகள் இந்தியில் அமைந்தவை. ‘சாவ்தான்’ என்றால் நிமிர்ந்து நிற்க வேண்டும், ‘விஷ்ராம்’ என்றால் தளர்ந்து நிற்கலாம். வீட்டில் தமிழன்றி வேறறியாத இளைஞன் இச்சொற்களை முதலில் காதாலன்றிக் காலாலேயே கற்கிறான். பின்னர் போருக்கான உடற்றகுதிச் சோதனை வருகிறது. முழுப் போருடையோடும் துப்பாக்கியோடும் 5 கிலோமீற்றர் ஓட வேண்டும். 60 மீற்றர் விரைந்தோட வேண்டும். நெடுங்கயிற்றில் ஏற வேண்டும், கிடைக்கயிற்றைப் பற்றிக் கடக்க வேண்டும், 9 அடிப் பள்ளத்தைத் தாண்ட வேண்டும். பள்ளத்தின் முன்னே நிற்கும்போது குலம், ஊர், மொழி எதுவும் துணைவராது. கால் பழகியிருந்தால் தாண்டலாம். இல்லையேல் விழுந்து எழுந்து மீண்டும் வரிசையின் இறுதிக்குப் போக வேண்டும்.

ஆயினும் கட்டளைப் பயிற்சிக்கு ஓர் எல்லை உண்டு. அது உடலைப் பணியச் செய்யும். மனத்தைத் தீர்மானிக்கச் செய்யாது. போர்க்களத்தில் கட்டளை எட்டாத கணங்கள் பல. அக்கணத்தில் என்ன செய்வதென்று வீரன் தானே முடிவுசெய்ய வேண்டும். அருகில் நிற்பவன் என்ன செய்வான் என்பதையும் அவன் அறிந்திருக்க வேண்டும். இவ்விரண்டையும் கற்பிக்கக்கூடிய இடம் விளையாட்டு மைதானம். பந்து காலுக்கு வந்தபின் உஸ்தாத்தின் கட்டளைக்குக் காத்திருக்க முடியாது. தானே அடிப்பதா, தோழனுக்குக் கொடுப்பதா என்பதை ஒரு நொடியில் முடிவுசெய்ய வேண்டும். காலையில் கவாத்தும் மாலையில் பந்தாட்டமும் பாசறையில் வைக்கப்பட்டதன் உட்கருத்து இதுவே.

வெலிங்டனின் மாலை மைதானத்திலிருந்து ஓர் உதைபந்தாட்ட அணி உருவாயிற்று. மதராஸ் றெஜிமெந்துப் பயிற்சி நிலையத்தின் பெயரால் அது இந்தியாவெங்கும் ஆடியது. 1955ஆம் ஆண்டில் அந்த அணி தில்லியிலே இந்திய விமானப்படை அணியைத் தோற்கடித்து டியூறண்ட் கிண்ணத்தை வென்றது. 1958ஆம் ஆண்டில் கூர்க்காப் படைப்பிரிவின் அணியை வென்று மீண்டும் அதனைப் பெற்றது. இவ்வெற்றிகளின் பொருளை ஊன்றி நோக்க வேண்டும். அக்கிண்ணம் பிரித்தானிய வீரருக்கென ஏற்பட்டது. கூர்க்கர்களோ போர்க்குலக் கொள்கையினர் தலைமேல் வைத்துப் போற்றிய இனத்தவர். தென்னாட்டார் மெல்லியர் என்ற சொல்லுக்கு, அக்கொள்கையினரின் செல்லப் பிள்ளைகளோடு ஒரே மைதானத்தில் ஆடி, வென்றபின் அவர்களோடு கைகுலுக்கி, வெலிங்டன் விடைகூறிற்று. கூர்க்கரின் வீரம் அதனாற் குறைந்துவிடவில்லை. தென்னாட்டான் குறைந்தவன் என்ற கூற்று மட்டுமே பொய்த்தது.

இரு வெற்றிகளிலும் இடம்பெற்றவர் பீற்றர் தங்கராஜ். 1935இல் ஹைதராபாத்தில் பிறந்து, செகந்திராபாத்தின் சிறு கழகங்களில் ஆடி, 1953இல் சேனையிற் சேர்ந்தார். மதராஸ் றெஜிமெந்துப் பயிற்சி நிலைய அணியில் அவர் முதலில் முன்வரிசையின் நடுவில் நின்று கோல் அடிக்கும் ஆட்டக்காரராகவே ஆடினார். பின்னர் கோல்காப்பாளராக மாறினார். நெடிய உடலும் நீண்ட கைகளும் வாய்ந்த அவருக்கு அவ்விடமே உரியதாயிற்று. பாய்ந்து தாக்குவோனுக்குக் கைதட்டல் கிடைக்கும். காவலில் நிற்பவன் பிழைவிட்டாலன்றிப் பலர் கண்ணில் படமாட்டான். இருந்தும், காவற்பணியையே அவர் தம் புகழாக்கினார்.

1956ஆம் ஆண்டு மெல்பேண் ஒலிம்பிக்கில் நான்காம் இடம்பெற்ற இந்திய அணியில் அவர் இருந்தார். 1958இல் ஆசியாவின் சிறந்த கோல்காப்பாளராகத் தெரிவானார். 1960ஆம் ஆண்டு றோம் ஒலிம்பிக்கிலும் ஆடினார். 1960-61ஆம் ஆண்டுச் சந்தோஷ் கிண்ணப் போட்டியில் முப்படைகளின் கூட்டணி முதன்முறையாக வென்றபோது அதன் தலைவர் அவரே. 1962ஆம் ஆண்டு ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியின் இறுதியாட்டத்தில் இந்தியா தென்கொரியாவை 2க்கு 1 என்ற கணக்கில் வென்று தங்கம் பெற்றது. அன்று கோலைக் காத்தவர் தங்கராஜ். 1967இல் அருச்சுனா விருது அவருக்கு வழங்கப்பட்டது. 2008ஆம் ஆண்டில் அவர் மறைந்தார். வெலிங்டனின் மைதானம் ஓர் ஆட்டக்காரனை அவனுக்கே தெரியாத இடத்தில் கண்டெடுத்தது எனலாம்.

இது ஓரிடத்தில் மட்டும் நிகழ்ந்த அற்புதமன்று. பஞ்சாபில் பிரிவினையின்போது பெற்றோரை இழந்த மில்கா சிங், பலமுறை முயன்று சேனையிற் சேர்ந்து, செகந்திராபாத்துப் பயிற்சி நிலையத்தை அடைந்தார். அங்கு புதிய வீரர்களுக்கென நடந்த நெடுந்தூர ஓட்டமே அவருடைய திறனை முதலில் வெளிப்படுத்தியது. 1958ஆம் ஆண்டு டோக்கியோவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் அவர் இரு தங்கப் பதக்கங்களை வென்றார். அதே போட்டியில் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியின் பழைய மாணவரான நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் உயரம் பாய்தலில் 2.03 மீற்றர் தாண்டி இலங்கைக்குத் தங்கம் ஈட்டினார். ஒருவரைப் பாசறை கண்டெடுத்தது, மற்றவரைப் பாடசாலை கண்டெடுத்தது. இரண்டிலும் மைதானமே தாய்வீடு.

இலங்கையின் முதல் ஒலிம்பிக் பதக்கமும் இவ்விரு மரபுகளும் கூடிய இடத்திலேயே பிறந்தது. கண்டித் திரித்துவக் கல்லூரி மாணவராகிய டங்கன் வைட், இலங்கை இலகு காலாட்படையில் அதிகாரியாகப் பணியாற்றியவர். 1948ஆம் ஆண்டு இலண்டனில் 400 மீற்றர் தடைதாண்டி ஓட்டத்தை 51.8 வினாடிகளில் ஓடி, அமெரிக்கரான றோய் கொக்ரனுக்கு அடுத்ததாக வந்து, வெள்ளிப் பதக்கம் பெற்றார். 1950இல் ஒக்லண்ட் நகரில் நடந்த பேரரசு விளையாட்டுப் போட்டியில் தங்கமும் பெற்றார். இன்னொரு செய்தியும் நினைவுகூரத்தக்கது. வெலிங்டன் அணி முதன்முறை கிண்ணம் வென்ற அதே 1955ஆம் ஆண்டில், கொழும்பிற் பிறந்த தமிழரான அன்ரன் முத்துக்குமாரு இலங்கைத் தரைப்படையின் தளபதியானார். அப்பதவியை ஏற்ற முதல் இலங்கையர் அவரே. றொபேட்ஸ் பிரபுவின் ஏடு ஒருபுறம் இருக்க, காலம் மறுபுறம் தன் விடையை எழுதிக்கொண்டிருந்தது.

இவ்வரலாறு படைவீரருக்கு மட்டும் உரியதன்று. நமது பாடசாலைகளில் ‘ட்ரில்’ என வழங்கும் பாடம் பாசறையிலிருந்து வந்ததே. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலப் பாடசாலைகளுக்குச் சேனைச் சார்ஜன்ட்மார் அதனைக் கொண்டுவந்தனர். அங்கிருந்து குடியேற்ற நாடுகளுக்கும் அது பரவியது. 1881இல் கொழும்பு றோயல் கல்லூரியில் மாணவர் படையணி தோன்றியது. 1920இல் ஹரி குறோ பக் என்பவர் சென்னையில் வை.எம்.சீ.ஏ. உடற்கல்விக் கல்லூரியை நிறுவினார். இலங்கையிலிருந்தும் ஆசிரியர்கள் அங்கு சென்று பயின்று திரும்பினர். கட்டளைக்குப் பணியும் பயிற்சியோடு, தானே முடிவெடுக்கும் விளையாட்டையும் சேர்த்தே கற்பிக்க வேண்டும் என்பது அவர்கள் கொண்டுவந்த செல்வம்.

அச்செல்வம் எங்கும் சரியாகப் பகிரப்பட்டுவிட்டது என்று சொல்வதற்கில்லை. பரீட்சை நெருங்கும்போது முதலில் பறிபோவது விளையாட்டு நேரமே. வரிசையில் நிற்கக் கற்பிப்பது எளிது. அதற்கு ஒரு முற்றம் போதும். பந்தைக் கொடுத்து, மைதானத்தைக் கொடுத்து, பிள்ளை தவறுவதைப் பொறுத்து நிற்பது அரிது. எளியதை வைத்துக்கொண்டு அரியதைக் கைவிட்டால், பணியத் தெரிந்த பிள்ளைகள் கிடைப்பார்கள். முடிவெடுக்கத் தெரிந்தவர்கள் கிடைக்கமாட்டார்கள். மெலிந்த பிள்ளையைப் பார்த்து, இவனுக்கு ஓட வராது என்று ஓரமாக நிறுத்தும் ஒவ்வொரு முறையும், றொபேட்ஸ் பிரபுவின் பழைய தீர்ப்பே சிறிய அளவில் மீண்டும் எழுதப்படுகிறது. அளந்து பாராமல், பழக்கிப் பாராமல், ஒரு மனிதனின் வலிமையை முன்கூட்டியே முடிவுசெய்யும் உரிமை தளபதிக்கும் இல்லை, ஆசிரியருக்கும் இல்லை.

1796இல் களனியின் வடகரையில் நடந்து சென்ற சிப்பாய்களின் பெயர்களை எவரும் எழுதி வைக்கவில்லை. அவர்களுடைய கால்கள் நன்கு பழகியிருந்தன என்பது மட்டும் தெளிவு. அக்கால்களின் வழிவந்தோர் நூற்றுக்கணக்கான ஆண்டுகள் போருக்கு உரியர், உரியரல்லர் என்று பிறர் வாயால் மாறி மாறி மதிப்பிடப்பட்டனர். மதிப்பிட்டவர்கள் மாறினார்கள், மதிப்பீடும் மாறிற்று. நீலகிரியின் குளிர்ந்த காலையில் இளைஞர்கள் இன்றும் பள்ளத்தின் முன்னே வரிசையாக நிற்கிறார்கள். உஸ்தாத்தின் குரல் எழுகிறது. ஒருவன் ஓடிவந்து தாண்டுகிறான்.